சொதப்பல் சக்கரவர்த்தி

1947-ல் பி.பி.சி. தொலைக்காட்சிக்காரர்கள் ஓர் இளைஞரைத் தேர்வுக்கு அழைத்து, வித்தைகளைப் பார்த்து, வழியனுப்பிவிட்டு ஃபைலில் ஒரு குறிப்பு எழுதிவைத்தார்கள். சாரம் இதுதான்: ஆள் லட்சணமில்லை, பேசுவது விளங்கவில்லை, தோற்றம் மகா துரதிர்ஷ்டம். பெண் பார்க்கப் போய் பஜ்ஜி சொஜ்ஜியைக் காலி செய்துவிட்டு வேண்டாம் என்று சொல்கிறவர்கள்கூட ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டு நாசூக்காக நழுவுவார்கள். பி.பி.சி.க்கு அந்தத் தாட்சண்யமெல்லாம் கிடையாது.

இதில் வேடிக்கை, அந்தக் குறிப்பில் பொய்யே இல்லை. இளைஞரின் உயரம் 6 அடி 4 அங்குலம். காலில் 13-ஆம் நம்பர் பூட்ஸ். மூக்கு, தாடை, கண் மூன்றும் ஒன்றோடொன்று கலந்து பேசாமல் வளர்ந்த முகம். சொல்ல வந்ததில் பாதியைத் தொண்டையே விழுங்கிவிடும் கரகரக் குரல். அடுத்த 37 வருஷம் இந்த ஆள் செய்த காரியமெல்லாம், பி.பி.சி. பட்டியல் போட்ட குறைகளை ஒவ்வொன்றாக மேடையில் வைத்து விற்றுக் காசாக்கியதுதான். பி.பி.சி.யும் பிற்பாடு வரிசையில் நின்று வாங்கியது. அவர் பெயர் டாமி கூப்பர். வித்தை பலிக்காத வித்தைக்காரர் என்று பெயரெடுத்து, அந்தப் பெயராலேயே பிரிட்டனில் பெரிய நட்சத்திரமானவர்.

பிறந்தது 1921 மார்ச் 19, வேல்ஸ் நாட்டின் கேர்ஃபிலி ஊரில். கேர்ஃபிலிக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, வெள்ளை வெளேரென்று உதிரும் பாலாடைக்கட்டி. இன்னொன்று, பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டை. அதில் ஒரு கோபுரம் பைசா கோபுரத்தைவிட அதிகமாகச் சாய்ந்து நிற்கிறது. இதோ விழுந்தேன், இதோ விழுந்தேன் என்று பல தலைமுறைகளைப் பயமுறுத்திவிட்டு இன்றுவரை விழவில்லை. டாமி இந்த ஊரில் பிறந்ததற்கு ஜோசியர்கள் ஏதாவது விளக்கம் சொல்லக்கூடும்.

அப்பா ராணுவத்துக்கு ஆள் பிடிக்கும் சார்ஜண்ட். பிற்பாடு கோழி வளர்த்தார். அம்மா கெர்ட்ரூட், இங்கிலாந்தின் டெவன் பக்கத்துக்காரர். பையனுக்கு மூன்று வயதாகும்போது குடும்பம் எக்ஸிடருக்குப் பெயர்ந்தது. சனி ஞாயிறுகளில் அப்பாவும் அம்மாவும் திருவிழாக் கூட்டங்களில் வண்டி நிறுத்தி ஐஸ்கிரீம் விற்பார்கள், பையன் கூடமாட ஒத்தாசை. எட்டு வயதில் லூசி ஆன்ட்டி ஒரு மேஜிக் பெட்டி வாங்கிக் கொடுத்தார். உலகத்தில் எத்தனையோ ஆன்ட்டிகள் எத்தனையோ பையன்களுக்கு மேஜிக் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அது பரணுக்குப் போய்விடும், வீடும் நிம்மதியாக இருக்கும். இந்தப் பெட்டி பரணுக்குப் போகவில்லை.

பள்ளிக்கூடம் முடிந்ததும் ஹைத் என்ற ஊரில் படகு கட்டும் பட்டறையில் பயிற்சித் தொழிலாளி வேலை. டாமி கட்டிய படகுகள் மிதந்தனவா என்ற கேள்விக்குள் நாம் போக வேண்டாம். அந்தப் பட்டறை கேன்டீனில்தான் முதல் மேடை. எடுத்துக்கொண்ட வித்தைகளில் ஒன்று பால் பாட்டில். பாட்டில் நிறையப் பால், வாயில் ஒரு காகிதம். பாட்டிலைக் கவிழ்க்க வேண்டும், காகிதத்தை உருவ வேண்டும், பால் சிந்தாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். டாமி கவிழ்த்தார், உருவினார். பால் நியூட்டன் சொன்னபடி நடந்துகொண்டது. மேடைப் பயத்தில் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒன்று தப்பினால் அடுத்தது சரியாகும் என்று நினைத்து அடுத்ததை எடுத்தார், அதுவும் தப்பியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நெடுமரமாக நின்ற பையன் அழுதுகொண்டே மேடையைவிட்டு ஓடினான்.

அழுது முடித்த பிறகுதான் மூளை வேலை செய்ததாக அவரே பிற்காலத்தில் சொல்வார். சிரித்தார்களே! மனமுவந்து சிரித்தார்களே! ஊரில் எல்லா வித்தைக்காரனும் கைதட்டலுக்கு நாயாய்ப் பேயாய் அலைகிறான். இங்கே ஒருவனுக்கு ஒரு பாட்டில் பால் செலவில் சிரிப்பு கிடைத்திருக்கிறது.

யுத்தம் வந்தது. 1940-ல் ராணுவம் அழைத்துக்கொண்டது. ஆறடி நான்கு அங்குலத்தைப் பார்த்ததும் அதிகாரிகள் செய்த முதல் காரியம் அவரை ராயல் ஹார்ஸ் கார்ட்ஸ் குதிரைப்படையில் சேர்த்தது. குதிரையைக் கேட்டார்களா என்று தெரியவில்லை. சேணம் நழுவி, ஏறியவர் குதிரையின் வயிற்றுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கியதாக ஒரு கதை உண்டு. இரவுக் காவலில் நின்றபடியே தூங்கிப்போனார், கண்ணைத் திறந்தால் எதிரே அதிகாரி நிற்கிறார், கணமும் தாமதிக்காமல் தலையைக் குனிந்து ‘ஆமென்’ என்றார் என்று இன்னொரு கதை. தூங்கியவனைத் தண்டிக்கலாம், ஜெபம் செய்தவனை என்ன செய்வது? இரண்டு கதைகளுக்கும் முக்கிய சாட்சி கூப்பர்தான் என்பதால் எத்தனை சதவீதம் உண்மை என்பதை வாசகர்களின் பெருந்தன்மைக்கு விடுகிறேன்.

வடஆப்பிரிக்கப் பாலைவனத்தில் கையில் காயம் பட்டது உண்மை. அதற்குப் பிறகு சிப்பாய்களுக்கு கேன்டீனும் கலை நிகழ்ச்சியும் நடத்திய நாஃபி அமைப்பின் குழுவில் சேர்ந்தார். கெய்ரோவில் ஓர் இரவு. துரைமார் வெயிலுக்குப் போடும் சோலா தொப்பி வைத்துக்கொண்டு நடிக்க வேண்டிய நாடகம். தொப்பியை எடுத்துவர மறந்துவிட்டார். கூட்டம் காத்திருக்கிறது. பக்கத்தில் தட்டோடு போய்க்கொண்டிருந்த வெயிட்டரின் தலையில் சிவப்பு ஃபெஸ் குல்லா, உச்சியில் கறுப்புக் குஞ்சம். கூப்பர் கையை நீட்டி அதைப் பிடுங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அரங்கம் வெடித்தது. அன்று ஏறிய குல்லா அவர் சாகும்வரை இறங்கவில்லை. வெயிட்டருக்கு ராயல்டி எதுவும் போனதாகத் தகவல் இல்லை.

இந்தக் குல்லாவின் யோகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். துருக்கியில் 1925-லேயே கமால் அத்தாதுர்க் தொப்பிச் சட்டம் போட்டு அதை ஒழித்துக்கட்டினார். எகிப்தில் பாஷாக்களும் எஃபெண்டிகளும் இன்னும் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள், 1952 புரட்சிக்குப் பிறகு அங்கேயும் அதற்கு மவுசு போயிற்று. ஆட்டோமன் சாம்ராஜ்யத்தின் கடைசிச் சின்னத்தை முப்பது வருஷத்துக்கு மேல் லண்டன் மேடையில் தலைமேல் தாங்கிக் காப்பாற்றியவர் ஒரு வேல்ஸ்காரச் சார்ஜண்டின் மகன். சுல்தான்கள் எங்கிருந்தாலும் நன்றி சொல்ல வேண்டும்.

எகிப்து இன்னொன்றும் கொடுத்தது. சிப்பாய்களுக்கான கலைக்குழுவில் இருந்த க்வென் ஹென்டியை அங்கேதான் சந்தித்தார். 1947 பிப்ரவரியில் சைப்ரஸின் நிகோசியாவில் கல்யாணம். மனைவியைச் செல்லமாகப் புறா என்று கூப்பிடுவார். மேஜிக்காரன் மனைவியைப் புறா என்று கூப்பிட்டால் அதைக் காதல் என்று எடுத்துக்கொள்வதா, தொழில்பக்தி என்று எடுத்துக்கொள்வதா என்பது அந்த அம்மாளுக்குத்தான் வெளிச்சம்.

ராணுவம் விட்டதும் லண்டன். மிஃப் ஃபெர்ரி என்கிற ஸ்காட்லாந்துக்காரர் ஏஜென்டாக வாய்த்தார். டிராம்போன் வாசித்து, இசைக்குழு நடத்தி, அப்புறம் இந்தத் தொழிலுக்கு வந்தவர். கறார் பேர்வழி. இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை, கூப்பர் சாகும்வரை பிரியவும் இல்லை. பல கல்யாணங்களைவிட உறுதியான ஒப்பந்தம்.

அந்தக் காலத்தில் புது காமெடியன்களுக்கு சோஹோவில் இருந்த விண்ட்மில் தியேட்டர்தான் குருகுலம். அங்கே முக்கிய ஐட்டம் நிர்வாண அழகிகள். இங்கிலாந்தில் நாடகத் தணிக்கை அப்போது லார்டு சேம்பர்லின் என்கிற அரண்மனை அதிகாரியின் கையில் இருந்தது. பெண் ஆடையில்லாமல் நிற்கலாம், அசையக் கூடாது என்பது அவருடைய தீர்ப்பு. அசையாவிட்டால் சிற்பம், அது கலை. அசைந்தால் ஆபாசம். ஒரு தும்மல் வந்தால் தியேட்டர் லைசென்ஸ் போய்விடும். ஒரு சிற்பத்துக்கும் அடுத்த சிற்பத்துக்கும் நடுவில் இடைவெளியை நிரப்பக் காமெடியன்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆண்கள் யாரும் ஜோக் கேட்க வந்தவர்கள் அல்ல. முன்வரிசையில் ஓர் ஆள் எழுந்து போனால் பின்வரிசைக்காரர்கள் நாற்காலிகளைத் தாண்டிக் குதித்து இடம் பிடிப்பார்கள். நாளுக்கு ஆறு காட்சிகள், வாரத்துக்கு ஆறு நாட்கள். பீட்டர் செல்லர்ஸும் ஹாரி சீகோம்பும் அங்கே படித்துத் தேறியவர்கள்தான். எப்போது ஒழிவான் என்று காத்திருக்கும் கூட்டத்தைச் சிரிக்கவைத்தவனுக்கு வேறெந்தக் கூட்டமும் ஒரு பொருட்டில்லை. கூப்பரும் அந்தப் பட்டறையில் அடிபட்டு வெளியே வந்தார்.

1948 மார்ச்சில் முதல் தொலைக்காட்சி முகம், புதுமுகங்களுக்கான பி.பி.சி. நிகழ்ச்சியில். 1952-ல் சொந்தமாக ஒரு தொடர். 1954-ல் லாஸ் வேகஸ் ஃபிளமிங்கோ ஹோட்டல் மேடை. அதற்குப் பிறகு ஐ.டி.வி.யில் வரிசையாகத் தொடர்கள், பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பில் கூப்பர் என்றோ டாமி என்றோ இருக்கும். பெயர் வைப்பவருக்கு வேலை மிச்சம். அந்தப் பட்டியலைப் படிக்காமல் தாண்டிவிடலாம், ஒன்றும் குடிமுழுகாது. மேடையில் அவர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

பாட்டில்–கிளாஸ் ஐட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேஜைமேல் ஒரு பாட்டில், ஒரு கிளாஸ், இரண்டு குழாய்கள். பாட்டிலை ஒரு குழாயால் மூடு, கிளாஸை இன்னொன்றால் மூடு. தூக்கினால் இரண்டும் இடம் மாறியிருக்கும். மற்ற வித்தைக்காரர்கள் இதைக் கோட்டு சூட்டோடு, பின்னால் வயலின் வாசிக்க, கண்ணைச் செருகிக்கொண்டு செய்வார்கள். கூப்பர் கை நடுங்க, ‘பாட்டில், கிளாஸ், கிளாஸ், பாட்டில்’ என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு தொடங்குவார். எது எங்கே இருக்கிறது என்று அவருக்கே மறந்துபோகும். மெதுவாகக் குழாயைத் தூக்கி, நமக்குக் காட்டுவதற்கு முன் தான் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வார். தூக்கினால் பாட்டில். மறுபடி மூடித் தூக்கினால் இன்னொரு பாட்டில். எதைத் தொட்டாலும் பாட்டில். மேஜை நிரம்பிவிடும். அந்த முகத்தில் தெரியும் கலவரத்தைப் பார்த்தால், உடனே போய் யாராவது உதவி செய்யுங்களேன் என்று கத்தத் தோன்றும்.

அந்தப் பாட்டில்கள் அடியில்லாத ஓடுகள், ஒன்றுக்குள் ஒன்று அடங்குபவை. லண்டனில் 1905-ல் தொடங்கிய மேஜிக் சர்க்கிள் என்ற சங்கம் இந்த மாதிரி ரகசியங்களை வெளியே விடக் கூடாது என்று உறுப்பினர்களுக்குக் கட்டளை போட்டிருக்கிறது. கூப்பர் உறுப்பினர், நான் இல்லை. ஆகவே சொல்லிவிட்டேன். ஆனால் ரகசியம் தெரிந்து என்ன பிரயோஜனம்? எந்த ஓட்டை எந்தக் குழாயோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று விரல்களுக்குப் பிசகே வரக் கூடாது. விரல் ஒரு வேலை செய்யும்போது முகம் அதற்கு நேர்மாறாக, ஐயோ போச்சு என்று அலற வேண்டும். நிஜமாகச் சொதப்புகிற ஆளால் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இரண்டாம் முறை சொதப்ப முடியாது. கூப்பர் முப்பது வருஷத்துக்கு மேல் அதே நொடியில் அதே மாதிரி சொதப்பினார். நடுநடுவே, யாரும் எதிர்பாராத நேரத்தில், ஒரு வித்தையைச் சுத்தமாகச் செய்துகாட்டிவிடுவார். அப்போது அரங்கத்தில் இருப்பவர்களைவிட அவர்தான் அதிகம் அதிர்ச்சியடைவார்.

தொப்பி ஐட்டம் இன்னும் அபாரம். ஒரு பெட்டி நிறையத் தொப்பிகள். புத்தாண்டு இரவில் ஒரு மதுக்கடையில் நடக்கும் சண்டையைப் பாட்டாக ஒப்பிப்பார். கதையில் யார் பேசினாலும் அவருடைய தொப்பியை மாட்டிக்கொண்டு பேச வேண்டும். சிப்பாய், மாலுமி, போலீஸ்காரர், ஒரு பெண்மணி. தொடக்கத்தில் நிதானமாக மாட்டுவார். கதை சூடு பிடிக்கப் பிடிக்கக் கை பின்தங்கும். போலீஸ்காரர் அதட்டும்போது தலையில் பெண்மணியின் தொப்பி இருக்கும். தேடிய தொப்பி கிடைக்காது, கிடைத்தபோது அந்த ஆள் பேசி முடித்திருப்பார். பெட்டிக்குள் தலையைவிட்டுத் துழாவுவார், பெட்டியைத் திட்டுவார், பாட்டு எங்கே நின்றது என்பது மறந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. மொத்தச் செலவு சில பழைய தொப்பிகள். இன்றைக்குக் கோடிக் கணக்கில் கொட்டி எடுக்கும் காமெடி நிகழ்ச்சிகளை யோசித்துப் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

ஜோக்குகள்? பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய வயலினும் ஒரு பழைய ஓவியமும் கிடைக்கின்றன. நிபுணரிடம் கொண்டுபோகிறார். நிபுணர் பார்த்துவிட்டு, “ஐயா, உங்களிடம் இருப்பது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ், ஒரு ரெம்பிராண்ட்” என்கிறார். ஆகா! “ஆனால் பாருங்கள், ஸ்ட்ராடிவேரியஸுக்கு ஓவியம் வராது, ரெம்பிராண்ட்டுக்கு வயலின் செய்ய வராது.” இது அவருடைய தரத்தில் அறிவாளி ஜோக். மற்றவையெல்லாம் டாக்டரிடம் போய், “இப்படிக் கையைத் தூக்கினால் வலிக்கிறது” என்று சொல்ல, “அப்படியானால் தூக்காதீர்கள்” என்று டாக்டர் பதில் சொல்லும் ரகம். ஆறாம் வகுப்புப் பையன் சொன்னால் வாத்தியார் பெஞ்சின் மேல் ஏற்றுவார். கூப்பர் சொல்லிவிட்டு, தனக்கே இப்போதுதான் புரிந்த மாதிரி ‘ஹ ஹ ஹ’ என்று தோளைக் குலுக்குவார். அதற்குத்தான் சிரிப்பு. ஜோக்கே சொல்லாமல் மேடைக்கு வந்து இப்படியும் அப்படியும் பார்த்தாலே போதும் என்ற நிலைமைக்குப் பிற்பாடு வந்துசேர்ந்தார்.

வந்ததை வாரி இறைக்கும் குழப்படிக்காரர் என்றுதானே இவரைப் பார்த்தால் தோன்றும்? லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2016-ல் அவருடைய சாமான்களை வாங்கியது. 116 பெட்டிகள். அதோடு ஒரு ஃபைல் அலமாரி. அதைத் திறந்தால் ஜோக்குகள், தலைப்புவாரியாக, அகரவரிசையில், ஒரு நூலகர் பொறாமைப்படும் ஒழுங்கில். மேடையில் ஒரு தொப்பியைக் கண்டுபிடிக்க முடியாத மனிதர், வீட்டில் எந்த ஜோக்கையும் அரை நிமிஷத்தில் எடுத்துவிடுவார். அவர் செய்த ஆகப்பெரிய கண்கட்டு வித்தை இதுதான் என்பது என் கட்சி. குழப்பம்தான் போலி. கணக்குவழக்கு அசல்.

கணக்குவழக்கு என்றதும் கஞ்சத்தனம் ஞாபகத்துக்கு வருகிறது. டாக்சியிலிருந்து இறங்கும்போது ஓட்டுநரின் சட்டைப் பையில் எதையோ செருகி, “என் கணக்கில் ஏதாவது குடி” என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போவாராம். பெரிய மனுஷன் பெரிய நோட்டாகக் கொடுத்திருக்கிறார் என்று ஓட்டுநர் எடுத்துப் பார்த்தால், டீத்தூள் பை ஒன்று இருக்கும். நானாக இருந்தால் டாக்சியைத் திருப்பிக்கொண்டு போய் வெந்நீர் கேட்டிருப்பேன்.

ராயல் வெரைட்டி நிகழ்ச்சி ஒன்று முடிந்து கலைஞர்கள் வரிசையாக நிற்க, எலிசபெத் மகாராணி வருகிறார். கூப்பரிடம் வந்ததும் இவர், “மகாராணி, ஒரு சொந்த விஷயம் கேட்கலாமா?” என்கிறார். சுற்றிலும் இருப்பவர்களுக்கு வியர்க்கிறது. முடிந்தால் சொல்கிறேன் என்று ராணி ஜாக்கிரதையாக அனுமதிக்கிறார். “தங்களுக்கு ஃபுட்பால் பிடிக்குமா?” அவ்வளவாகப் பிடிக்காது என்கிறார் ராணி. “அப்படியானால் உங்கள் கப் ஃபைனல் டிக்கெட்டை எனக்குத் தரலாமே?” டீத்தூள் பை வைத்த கைக்கு அரண்மனையும் ஒன்றுதான், டாக்சியும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் குடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், சிரிப்பு கொஞ்சம் குறையும். எழுபதுகளில் மேடைக்கு முன், மேடைக்குப் பின், நடுவில் என்று எல்லா வேளையும் குடிவேளையாகிவிட்டது. கூடவே ஓயாத சுருட்டு. நேரத்துக்கு வருவதில்லை, வந்தால் அவசரமாக முடித்துக்கொண்டு கிளம்புகிறார் என்று கிளப் முதலாளிகள் புலம்பினார்கள். மைக்கேல் பார்க்கின்சனின் பேட்டி நிகழ்ச்சியில், தலைவெட்டும் கருவி வித்தைக்காகப் பார்க்கின்சனையே கழுத்தை நீட்டச் சொன்னார். பாதுகாப்புக் கொக்கியைப் போட மறந்துவிட்டார். அரங்க நிர்வாகி கடைசி நொடியில் பார்த்துத் தடுத்ததால் பிரிட்டனுக்குப் பேட்டி காண ஆள் மிஞ்சினார். பொய்ச் சொதப்பலுக்கும் மெய்ச் சொதப்பலுக்கும் நடுவில் இருந்த கோடு அழியத் தொடங்கிய காலம் அது.

1977 ஏப்ரலில் ரோம் நகரில் நிகழ்ச்சிக்குப் போன இடத்தில் மாரடைப்பு. பிழைத்தார். மூன்று மாதத்தில் தொலைக்காட்சிக்குத் திரும்பினார். தேம்ஸ் தொலைக்காட்சி 1980-க்குப் பிறகு அவருக்குத் தனித் தொடர் தரவில்லை. வீட்டில் புறா இருக்க, 1967 முதல் மேரி கே என்ற மேடை நிர்வாகியோடும் வாழ்ந்தார். ஊர் ஊராக அவரோடு பயணம் செய்து, சாமான்களை அடுக்கி, ஆளையும் அடுக்கி மேடைக்கு அனுப்பியவர் அவர். 17 வருஷம் இந்த ரகசியம் வெளியே வரவில்லை. மேஜிக் சர்க்கிள் மெச்சியிருக்கும். கூப்பர் செத்த பிறகுதான் மேரி புத்தகம் எழுதினார். உயிலின்படி சொத்து மனைவிக்கே.

1984 ஏப்ரல் 15, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் ஹெர் மெஜஸ்டீஸ் தியேட்டரிலிருந்து எல்.டபிள்யூ.டி. தொலைக்காட்சியின் நேரடி ஒளிபரப்பு. தொகுப்பாளர் ஜிம்மி டார்பக். அன்றைய ஐட்டம் ஒரு நீள அங்கி. உதவிப் பெண் அங்கியை மாட்டிவிட்டுப் போவார். பின்னால் திரைக்குப் பின் டார்பக் ஒளிந்துகொண்டு, கூப்பரின் கால்களுக்கு நடுவே ஒவ்வொரு சாமானாகத் தள்ளிவிடுவார். அங்கிக்குள்ளிருந்து பெரிய பெரிய பொருள்களாக வந்துகொண்டே இருக்கும். அங்கி மாட்டியாயிற்று. கூப்பர் மெல்லச் சரிந்து திரையோரம் உட்கார்ந்தார். அரங்கம் சிரித்தது. மூச்சு இரைத்தது. சிரித்தது. பின்னால் சாய்ந்தார். இன்னும் சிரித்தது. உதவிப் பெண்ணும் சிரித்துக்கொண்டுதான் போனார். இன்றைக்குப் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார் போலிருக்கிறது என்று டார்பக்கே நினைத்தார்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 37 வருஷமாக ஒரு மனிதன் தடுக்கி விழுவதற்கு நீ சிரிக்க வேண்டும் என்று ஒரு நாட்டையே பழக்கிவைத்திருக்கிறான். கடைசியில் நிஜமாக விழுந்தபோது மட்டும் எப்படி அடையாளம் தெரியும்?

இயக்குநர் நிலைமையைப் புரிந்துகொண்டு வாத்தியக்குழுவுக்குச் சைகை காட்டி, திட்டத்தில் இல்லாத விளம்பர இடைவேளைக்குப் போனார். திரைக்குப் பின்னால் இழுக்கப் பார்த்தார்கள். ஆறடி நான்கு அங்குலத்தை அவ்வளவு எளிதில் நகர்த்த முடியவில்லை. விளம்பரம் முடிந்துவிட்டது, நேரடி ஒளிபரப்பு நிற்கக் கூடாது. திரைக்கு அந்தப் பக்கம் மூச்சைத் திருப்பப் போராட்டம், இந்தப் பக்கம் குறுகிய இடத்தில் லெஸ் டென்னிஸும் டஸ்டின் ஜீயும் மிமிக்ரி செய்துகொண்டிருந்தார்கள். கலைத்தொழிலில் இவ்வளவு கொடூரமான பத்து நிமிஷம் யாருக்கும் வேண்டாம். வெஸ்ட்மின்ஸ்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. வயது 63.

ஆறு வாரம் கழித்து, மே மாதக் கடைசியில், இன்னொரு பெரிய காமெடியனான எரிக் மார்க்கம் டூக்ஸ்பரி ஊர் மேடையில் பழங்கதை பேசிக்கொண்டிருந்தார். கூப்பரைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்படி மேடையில் சாவது தனக்குப் பிடிக்காது என்றார். நிகழ்ச்சி முடிந்து, பலமுறை திரும்ப வந்து கைதட்டல் வாங்கி, பக்கவாட்டுக்கு நடந்துபோய் அங்கேயே சரிந்தார். அவரையும் காப்பாற்ற முடியவில்லை. எமனுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு, ஆனால் மட்டமான ரகம்.

கேர்ஃபிலியில் கோட்டைக்கு எதிரே 2008-ல் கூப்பருக்குச் சிலை வைத்தார்கள். திறந்து வைத்தவர் ஆண்டனி ஹாப்கின்ஸ். திரையில் மனிதக் கறி தின்னும் ஹானிபால் லெக்டராக உலகத்தை நடுங்கவைத்த அதே ஹாப்கின்ஸ், கூப்பர் மாதிரியே பேசிக்காட்டும் பரம ரசிகர். லண்டன் சிஸ்விக்கில் 1955 முதல் கூப்பர் குடியிருந்த வீட்டில், பிரபலங்கள் வாழ்ந்த வீடுகளுக்கு மாட்டும் நீலப் பலகையையும் 2016-ல் மாட்டினார்கள்.

படித்துவிட்டு இணையத்தில் தேடப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்தக் கடைசி இரவின் காட்சி முதலில் கண்ணில் படும், அதைத் திறக்காதீர்கள். ஒரு மனிதர் சாவதைப் பார்த்துக் கூட்டம் சிரிக்கிறது, பார்க்க அதில் வேறொன்றும் இல்லை. தொப்பி ஐட்டத்தையும் பாட்டில்–கிளாஸையும் போடுங்கள். ஆங்கிலம் அவ்வளவாக வராதவர்களும் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து உங்கள் நேரத்தில் கால் மணிகூட எடுத்துக்கொள்ளாது.